சபைக்கு வரும் பணமும் வராத பணமும்



சென்ற ஐப்பசி மழையில் எமது பகுதித் தோட்டம் ஒன்றில், கீழ்க்கணக்குக்குப் போகும் பாதையிலிருந்த மதகு உடைந்து போனது. அன்று இரவே லயத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி கண்டது. 1990க்குப் போன் போட்டார்கள், அம்புலன்ஸும் வந்தது. ஆனால் உடைந்த மதகுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. அந்தப் பிள்ளையைக் கதிரையில் உட்கார வைத்து, கம்பளியைச் சுற்றி, நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடைக்குள் இறங்கி ஏறினார்கள். தாயும் சேயும் சுகமாக வீடு வந்து சேர்ந்தார்கள். மதகு மட்டும் அப்படியே கிடந்தது.

பத்து நாள் கழித்து அந்தப் பெண்ணின் மாமியார் எங்களைத் தேடி வந்தார்.

"ஐயா, சபைக்குப் போனா 'அது தோட்டத்துப் பாதை, தொரைய பாருங்க'ங்கிறாங்க. தொரைய பாத்தா 'நாங்க சபைக்கு வரி கட்டுறோம், அங்க போய்க் கேளுங்க'ங்கிறாரு. அவங்க கட்டுற வரி எவ்வளவுங்க? அது எங்கதான் போகுது?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. சேமலாப நிதி, பிறப்புச் சான்றிதழ், வீட்டுக் கடன் என்று வருஷக்கணக்காகப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறோம். தோட்டம் சபைக்கு என்ன கட்டுகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பிறகுதான் சட்டப் புத்தகத்தையும் வர்த்தமானிகளையும் எடுத்து வைத்துப் படித்தோம். அதையே இம்முறை பாடமாகத் தருகிறோம். கொஞ்சம் கணக்கு வரும், பயப்பட வேண்டாம். நாள் சம்பளத்தில் பிடிப்பனவு எவ்வளவு என்று மனக்கணக்குப் போடுகிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை.

சபையின் பணப்பெட்டி

பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டவை. பாதை, வடிகால், தண்ணீர், தெரு விளக்கு, குப்பை, சந்தை, மயானம், வாசிகசாலை எல்லாம் அவற்றின் வேலைகளுக்குள் வரும். இதற்கெல்லாம் பணம் வேண்டுமே. அரசாங்கத்திலிருந்து கொஞ்சம் வரும். காணி கைமாறும்போது கட்டும் முத்திரைத் தீர்வையும், நீதிமன்றத்தில் கட்டும் தண்டப்பணமும் மாகாணத்தின் வழியாக வரும். மிச்சத்தைச் சபை தானே வரியாக அறவிட வேண்டும்.

அந்த வரிகளில் நமக்கு முக்கியமானவை இரண்டு. ஒன்று மதிப்பீட்டு வரி. சோலை வரி என்றும் சொல்வார்கள். டவுனிலும் கடைத்தெருவிலும் உள்ள கட்டடங்களுக்கு ஆண்டுப் பெறுமதி போட்டு, அதில் நூற்றுக்கு இத்தனை என்று எடுப்பார்கள். மற்றது ஏக்கர் வரி. மதிப்பீட்டு வரிக்குள் வராத, பயிர் செய்யும் காணிகளுக்கு உரியது. தேயிலை மலை இந்த இரண்டாவது வகைக்குள்தான் வருகிறது. பேர்தான் ஏக்கர் வரி, கணக்குப் பார்ப்பது ஹெக்டயரில். ஒரு ஹெக்டயர் என்றால் சுமார் இரண்டரை ஏக்கர்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். மதிப்பீட்டு வரி நூற்று வீதத்தில் போகிறது. கடையின் பெறுமதி கூடினால், மறுமதிப்பீடு செய்யும்போது வரியும் கூடும். ஏக்கர் வரி அப்படியல்ல, ஹெக்டயருக்கு இத்தனை ரூபா என்று நிற்பது. 1987இல் ஒரு அமெரிக்க டொலருக்கு ஏறக்குறைய 30 ரூபா கொடுத்தோம். 2025இல் ஏறக்குறைய 300 ரூபா. டொலருக்கு விற்கும் தேயிலை விளையும் காணிக்கு ரூபாவில் ஒரு தொகையை வைத்தால், சபையில் யாரும் கையுயர்த்தாமலே அந்த வரி வருஷத்துக்கு வருஷம் இளைத்துக்கொண்டு போகும்.

ஒரு பேச்சுக்கு, ஹெக்டயருக்குப் பத்து ரூபா என்று வைத்துக்கொள்வோம். 400 ஹெக்டயர் தோட்டம் வருஷத்துக்கு 4,000 ரூபா கட்டும். இன்றைய விலைக்கு அது ஓரிரண்டு மூட்டை சீமெந்து. மதகு கட்டப் போதுமா என்று பாஸ்மாரைக் கேட்டுப் பாருங்கள். (உங்கள் சபையின் உண்மையான வீதம் எத்தனை என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்று பின்னால் சொல்கிறோம்.)

இன்னொன்றையும் பார்த்தோம். பழைய துரை பங்களாக்கள் சில இப்போது உல்லாசப் பயணிகள் தங்கும் ஹோட்டல்களாகிவிட்டன. உல்லாசப் பயண அதிகாரசபையில் பதிந்த ஹோட்டலிடம் முந்திய வருஷத்து வருமானத்தில் நூற்றுக்கு ஒன்று வரை அனுமதிக் கட்டணம் எடுக்கச் சட்டத்தில் இடமுண்டு. சுற்றிலும் உள்ள மலைக்கு ஹெக்டயர் கணக்கு, நடுவிலுள்ள பங்களாவுக்கு வருமானக் கணக்கு.

கழிவு என்பது என்ன?

டவுனில் கடை வைத்திருக்கும் சொந்தக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். முழு வருஷத்து மதிப்பீட்டு வரியையும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் நூற்றுக்குப் பத்துக் கழிவு. காலாண்டுக்குக் காலாண்டு அந்தந்த முதல் மாதத்தில் கட்டினால் நூற்றுக்கு ஐந்து. இதுவும் ஒரு வரிச் சலுகைதான். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெட்டிக்கடைக்காரருக்கும் நகைக்கடை முதலாளிக்கும் ஒரே விதி. சபைக்கும் பணம் நேரத்தோடு கைக்கு வருகிறது.

ஆனால் பெரிய வேலைகொள்வோர், அதாவது ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுக்கும் கம்பனிகள், தமக்கென்று தனியாகக் கேட்கும் சலுகை வேறு. "நாங்கள் இங்கே தொழிற்சாலை போடுகிறோம், உங்கள் ஊர்ச் சனங்களுக்கு வேலை கொடுக்கிறோம், அதற்குப் பதிலாக அபிவிருத்திக் கட்டணத்தை விடுங்கள், வரியைக் குறையுங்கள்" என்பார்கள். உலகம் முழுக்க உள்ளூராட்சி சபைகள் இந்தப் பேச்சுக்கு முன்னால் தடுமாறுகின்றன. வேலை கொடுக்கிறேன் என்கிறவரைக் கோபிக்க முடியுமா?

இங்கேதான் ஒரு விஷயம் நமக்குப் பிடிபட வேண்டும். விட்டுக்கொடுத்த வரி கண்ணுக்குத் தெரியாது. சபை ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மதகு கட்டினால் பெயர்ப் பலகை வைப்பார்கள், நாடா வெட்டுவார்கள். ஐந்து இலட்சம் வரியை விட்டால் நாடாவும் இல்லை, பலகையும் இல்லை. ஆனால் பெட்டியில் குறைவது அதே ஐந்து இலட்சம்தான். பாதீட்டில் அது செலவுப் பக்கத்தில் வராது. வரவுப் பக்கத்தில் ஓர் இலக்கம் சின்னதாக இருக்கும், அவ்வளவுதான். குறைந்ததை யாராவது ஈடு கட்ட வேண்டும். ஒன்று, மற்ற வரிக்காரர்கள் கூடக் கட்டுவார்கள். இல்லையென்றால் ஒரு வேலை நடக்காமலே போகும்.

எண்பது வருஷம் கேட்காமல் கொடுத்த ஓர் ஊர்

இதை விளங்கிக்கொள்ள அமெரிக்காவில் லூசியானா என்ற மாநிலத்துக் கதை உதவும். தொழிற்சங்கக் கருத்தரங்கு ஒன்றில் கேள்விப்பட்டுப் பிறகு தேடிப் படித்தோம். மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஒரு காலத்தில் கரும்புத் தோட்டங்கள் இருந்த காணிகளில் இன்று எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் இரசாயன ஆலைகளும் நிற்கின்றன. அந்தத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்னும் அந்தப் பக்கத்திலேயே வாழ்கிறார்கள். தோட்டத்து மனிதர்களான நமக்கு அந்த ஊர் முற்றிலும் அந்நியமாகப் படவில்லை.

அங்கே 1936 முதல் ஒரு திட்டம் இருந்து வருகிறது. புதிதாக ஆலை கட்டினாலோ இருக்கும் ஆலையைப் பெருப்பித்தாலோ, அந்தப் புதிய சொத்துக்குப் பத்து வருஷம் வரை உள்ளூர் சொத்து வரி கிடையாது. அந்த வரியை வைத்துத்தான் உள்ளூர் நிர்வாகமும், பள்ளிக்கூடங்களை நடத்தும் கல்விச் சபையும், பொலிஸ் சேவையும் நடக்க வேண்டும். ஆனால் சலுகையைக் கொடுத்தது யார்? மாநிலத் தலைநகரத்தில் இருந்த ஒரு சபை. பணம் இழந்தது பள்ளிக்கூடம், கையெழுத்துப் போட்டது வேறொருவர். எண்பது வருஷம் இப்படியே நடந்தது. பணத்தை இழக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2016இல் ஆளுநர் ஜோன் பெல் எட்வர்ட்ஸ் ஓர் உத்தரவு போட்டார். இனிமேல் சலுகை வேண்டுமானால் உள்ளூர்ச் சபைகளின் சம்மதமும் வேண்டும், எத்தனை பேருக்கு வேலை என்பதையும் சொல்ல வேண்டும் என்றார். அதன் பிறகுதான் ஊர்ச் சனங்கள் கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள். பட்டன் ரூஜ் நகரில் எக்சொன்மோபில் என்ற மாபெரும் எண்ணெய்க் கம்பனியின் சுத்திகரிப்பு ஆலை 1909 முதல் இருக்கிறது. அவர்கள் சலுகை கேட்டபோது, 2018 ஒக்டோபரில் அங்குள்ள ஆசிரியர்கள் ஒருநாள் வேலையை விட்டு வெளியேறுவதாக வாக்கெடுத்துத் தீர்மானித்தார்கள். அந்த விண்ணப்பம் அன்றைய கூட்ட நிரலிலிருந்து எடுக்கப்பட்டது. வெளிநடப்புக்குத் தேவை வரவில்லை. 2019 ஜனவரியில் கல்விச் சபை கம்பனி கேட்ட சலுகைக்குச் சம்மதிக்க மறுத்தது.

மறுத்தவர்கள் சொன்ன நியாயம் ரொம்பச் சாதாரணமானது. கேட்ட சலுகை ஏற்கனவே கட்டி முடித்த வேலைகளுக்கு. கட்டாமல் போய்விடுவார்களோ என்ற பயத்தில் கொடுப்பது ஒன்று. கட்டி முடிந்த பிறகு எதற்காகக் கொடுப்பது?

கம்பனிப் பக்கத்திலும் பேச்சு இருந்தது என்பதை மறைக்க மாட்டோம். ஆலையில் வேலை செய்கிறவர்கள், இப்படி மறுத்தால் அடுத்த முதலீடு வேறு ஊருக்குப் போய்விடும் என்று கவலைப்பட்டார்கள். கேலி செய்யக்கூடிய கவலை அல்ல அது. நம் தோட்டங்களிலும் "கம்பனி மூடிவிட்டுப் போனால் என்ன செய்வீர்கள்" என்று யாராவது கேட்டால், பெரட்டுக் களத்தில் எல்லோரும் மௌனமாகிவிடுவோம் அல்லவா? 2024இல் அடுத்த ஆளுநர் வந்து வேலைவாய்ப்பு நிபந்தனையை எடுத்துவிட்டார். அந்த வழக்கு முடிந்துவிடவில்லை, இழுபறியில்தான் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்தைக் கேட்காமலே பள்ளிக்கூடத்தின் பணத்தை விட்ட காலம் எண்பது வருஷம் நீடித்ததற்குக் காரணம், இழந்தவர்கள் பேச்சுவார்த்தை மேசையில் இல்லாததுதான் என்று நமக்குப் படுகிறது.

நம்முடைய மேசை

இனி மலைநாட்டுக்கு வருவோம். நாமும் அந்த மேசையில் இல்லாதவர்கள்தான், அதுவும் வெகுகாலமாக. 1937இல் கிராமச் சபைச் சட்டத்தைத் திருத்தியபோதே தோட்டங்களிலிருந்த இந்தியத் தொழிலாளர்களுக்குக் கிராமச் சபை வாக்கு இல்லை என்றாகிவிட்டது. 1948இல் குடியுரிமையும் போனது. 2003இல் வந்த சட்டத்தோடுதான் மிச்சமிருந்தவர்களுக்கும் குடியுரிமை கிடைத்தது.

வாக்கு வந்த பிறகும் ஒரு கதவு சாத்தியே இருந்தது. பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட முடியாது என்று பல வருஷம் சொல்லி வந்தார்கள். நாம் வாக்களித்துத் தெரிவு செய்த உறுப்பினரே லயத்துக்கு முன்னால் ஒரு தெரு விளக்குப் போடக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். தோட்டத்திடம் சபை கொஞ்சம் வாங்கியது, தோட்டத்து மக்களுக்குக் கொஞ்சம்கூடக் கொடுக்கவில்லை. எழுதப்படாத ஒப்பந்தம் மாதிரி இது இரண்டு பக்கத்துக்கும் வசதியாக இருந்தது. சபைக்குச் செலவில்லை, கம்பனிக்குப் பெரிய வரியில்லை. மழைக்கு மதகு உடைந்தால் கதிரை தூக்குவது யார் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

2018இல் பாராளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தித் தோட்டப் பகுதிகளிலும் சபை வேலை செய்ய வழி திறந்தது. அதே வருஷத் தேர்தலுக்கு முன்னால் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய சபைகளைப் பிரித்து, கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா ஆகிய பெயர்களில் புதிய சபைகளும் வந்தன. பிறகு 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, தேர்தல் தள்ளிப் போய், 2025 மே 6ஆம் திகதிதான் மறுபடி தேர்தல் நடந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் கேள்வி கேட்கக்கூட உறுப்பினர் இல்லை. இப்போது இருக்கிறார்கள்.

ஆகவே "சட்டம் இடம் கொடுக்காது" என்ற பழைய பதிலை இன்று யாராவது சொன்னால், 2018 திருத்தம் என்று நீங்கள் ஞாபகப்படுத்தலாம். அப்போது அடுத்த பதில் வரும்: "பணம் இல்லை". அந்த இடத்தில்தான் மாமியார் கேட்ட கேள்விக்கு வேலை வருகிறது. எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது?

எல்லாச் சலுகையும் தீர்மானம் போட்டு வருவதில்லை என்பதை இந்தப் படிப்பில் நாம் தெரிந்துகொண்டோம். கேட்ட சலுகை ஒன்று. ரூபாவின் பெறுமதி விழுந்து தானாக வந்த சலுகை ஒன்று. மூன்றாவது, கட்ட வேண்டியதைக் கட்டாமல் விட்டு, சபையும் அறவிடாமல் விட்டு, நிலுவை என்று புத்தகத்தில் தூங்கும் பணம். ஏழைக் கடைக்காரர் ஒரு காலாண்டு தவறினால் கடிதம் வருகிறது. பெரிய இடத்து நிலுவைக்கும் அதே வேகத்தில் கடிதம் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

கம்பனிக்காரர் சொல்லும் ஒரு பதிலையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். 1992இல் கம்பனிகள் தோட்டங்களைப் பொறுப்பெடுத்தபோது காணி அரசாங்கத்துடையதாகவே இருந்தது. கம்பனி குத்தகை கட்டுகிறது. பிள்ளை மடுவமும் மருந்து வீடும் தோட்டத்தில்தான் இருக்கின்றன. "ஊர்ச் சபை செய்யும் வேலையில் பாதியை நாங்களே செய்கிறோமே, இதற்கு மேல் வரி எதற்கு" என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. பிள்ளை மடுவம் நல்லபடி நடக்கும் தோட்டத்துக்குச் சபை ஏதாவது விட்டுக்கொடுத்தால் நாங்கள் குறுக்கே நிற்க மாட்டோம். ஆனால் எதற்காக, எத்தனை வருஷத்துக்கு, பதிலுக்கு என்ன என்பது எழுத்தில் இருக்க வேண்டும். சொன்னதைச் செய்யாவிட்டால் சலுகை திரும்பி வர வேண்டும். கங்காணியிடம் வாய்ப்பேச்சில் கடன் வாங்கிய நம் தாத்தாமாருக்கு நடந்தது நமக்குத் தெரியும்.

கேட்கும் முறை

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, எந்தப் பிரஜையும் பிரதேச சபையிடம் தகவல் கேட்கலாம். சபையில் தகவல் அதிகாரி ஒருவர் இருப்பார். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொல்லலாம், அதிகாரி அதை எழுதிக்கொள்ள வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கொடுத்ததற்குக் கட்டாயம் எழுத்தில் அத்தாட்சி வாங்குங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். சனி, ஞாயிறு, போயா நாட்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

என்ன கேட்பது? "தோட்டத்தைப் பற்றி எல்லாம் தாருங்கள்" என்று எழுதினால் பதில் வராது, வந்தாலும் உதவாது. இன்ன தோட்டத்தின் காணிக்கு இந்த வருஷ ஏக்கர் வரி ஹெக்டயருக்கு எத்தனை ரூபா, எத்தனை ஹெக்டயர் பதிவில் உள்ளது, கடந்த ஐந்து வருஷத்தில் கட்டியது எவ்வளவு, நிலுவை எவ்வளவு, ஏதாவது விலக்கோ குறைப்போ கொடுத்திருந்தால் எந்தத் திகதித் தீர்மானத்தில் என்று கேளுங்கள். இத்தோடு, அதே ஐந்து வருஷத்தில் அந்தத் தோட்டத்துப் பிரிவுகளில் சபை செலவழித்தது எவ்வளவு என்றும் கேட்டுவிடுங்கள். இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நேரமும் முக்கியம். அடுத்த வருஷத்துப் பாதீடு வருஷக் கடைசியில் சபையில் வைக்கப்படுகிறது. தை பிறந்த பிறகு போய் மதகு கேட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்கள். ஆவணி, புரட்டாசியிலேயே உங்கள் வட்டாரத்து உறுப்பினரைப் பிடியுங்கள். பாதை தோட்டத்தின் பொறுப்பில் இருந்தால் நிர்வாகத்தின் இணக்கமும் தேவைப்படும், ஆகவே துரையிடமிருந்து ஒரு கடிதத்தையும் கையோடு வாங்கிக்கொள்வது நல்லது. இரண்டு பேரையும் ஒரே நாளில் மதகடிக்கு வரவழைத்தால் இன்னும் நல்லது. ஒருவரையொருவர் காட்டிக்கொண்டிருக்க முடியாது.

அந்த மாமியார் சென்ற கிழமை கீழ்க்கணக்கு மாதர் சங்கத்து இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு சபைக்குப் போய்வந்தார். அரைநாள் பேர் போனது. முதலில் கந்தோரில் "கிளார்க் லீவு, நாளைக்கு வாங்க" என்றார்களாம். "தகவல் அதிகாரி யாருங்க, அவரிடம் குடுத்துட்டுப் போறோம்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு மணித்தியாலம் கழித்து அத்தாட்சி கிடைத்தது. அதை பொலித்தீன் பையில் போட்டு, சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். பதினாலு வேலை நாளை எண்ணச் சுவரில் தொங்கும் கலண்டரில் பேனையால் கோடு போட்டுக்கொண்டு வருகிறார். நாங்கள் போனபோது ஐந்து கோடு விழுந்திருந்தது.